எதிர் ஓட்டுக்காரி

எங்கள் கட்சிக்கு ஓட்டுப் போடமாட்டேன் என்று புதுவயலில் என் முகத்துக்கு நேரே சொன்னவர் ஒருவர்தான். சொல்லாமல் போடாதவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். அது எங்களுக்குப் பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அரிசி ஆலையில் எல்லாருக்கும் அவர் அக்காதான். அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, வெயிலில் நடந்து நடந்து காலால் கிண்டிவிட்டு, காய்ந்ததும் அள்ளிக் குவிக்கிற பெண்களில் ஒருவர். நாற்பது வயது இருக்கும். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. பாய்லர் இரைகிறபோதும் களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேருகிற குரல்.

நான் நாச்சியாபுரத்துக்காரன். ஓரளவு வயல் உள்ள குடும்பம். காரைக்குடியில் கல்லூரி படிக்கும்போது கட்சியில் சேர்ந்தேன். அறுபதுகளின் நடுவில், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு புதுவயலுக்கு வந்து, ஒரு சைக்கிள் கடை மாடியில் தொழிற்சங்க அலுவலகம் வைத்து அங்கேயே படுத்துக்கொண்டேன். உழைப்பாளி மாதிரித் தெரிய வேண்டும் என்பதில் எனக்கு ரொம்ப அக்கறை. வெள்ளை வேட்டியை டீத்தண்ணீரில் முக்கிப் பழுப்பாக்கினேன். பீடி பழகினேன். பழகியது இருமல்தான். நான் அப்படி மெனக்கெட்டு அழுக்காகி ஆலை வாசலில் போய் நின்றால், மூட்டை தூக்குகிறவர்கள் வேலை முடிந்து குளித்து, தும்பைப்பூ மாதிரி சட்டை போட்டுக்கொண்டு சினிமாவுக்குப் போவார்கள்.

முதன்முதலாக அவரைப் பார்த்தது தேர்தலுக்கு ஓட்டுக் கேட்கப் போன அன்று. ஆலைத் தொழிலாளர்கள் குடியிருந்த தெரு. வீட்டுக்கு வீடு வாசலில் நின்று கும்பிட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் "ஒங்களுக்குத்தேன், ஒங்களுக்கு இல்லாம யாருக்கு" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறேழு வீடு தாண்டி அவர் வாசலுக்கு வந்தேன். அவர் முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு இல்ல தம்பி" என்றார், நான் வாயைத் திறக்கும் முன்பே. "நான் அங்குட்டுப் போடுறதாச் சொல்லிட்டேன். வெயில்ல நிக்காதீக, அடுத்த வீட்டப் பாருங்க."

நான் விடவில்லை. உழைக்கிறவர்களின் கட்சி எது என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். முடித்ததும், "நல்லாத்தேன் பேசுறீக. ஆனா ஒங்களுக்கு இல்ல" என்றார்.

அன்று மாலை அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்தத் தெருவில் எதிர் ஓட்டு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் எப்படி வென்றெடுப்பது என்று வெகுநேரம் விவாதித்தோம். தேர்தல் முடிந்தபோது எங்கள் வேட்பாளருக்குக் கட்டிய பணம் திரும்பவில்லை. அந்தத் தெருவிலிருந்து எங்களுக்கு விழுந்த ஓட்டை ஒரு கைவிரல்களிலேயே எண்ணிவிடலாம். தெருவே எங்களை ஏமாற்றியபோது, உண்மையைச் சொன்ன ஒருவரைத்தான் நாங்கள் திருத்த வேண்டியவர் என்று முடிவு செய்திருந்தோம்.

ஆனால் சங்கம் என்று வந்தபோது முதலில் பெயர் கொடுத்ததும் அவர்தான். கட்சி வேறு, சங்கம் வேறு என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது. எனக்குத்தான் அது கடைசிவரை பிடிபடவில்லை.

அவரைத் "தோழர்" என்று கூப்பிட்டேன். "அது என்ன மொறை?" என்று கேட்டார். எல்லாரும் சமம் என்கிற முறை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்று என்னை இரண்டு நாள் தோழர் என்றார். மூன்றாம் நாள் எங்கள் வீட்டு நெல் வண்டி ஆலைக்குள் வந்தது. வண்டிக்காரர் என்னைப் பார்த்ததும் துண்டை இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சின்னய்யா இங்கதேன் இருக்கீகளா? அம்மா தேடுறாக" என்றார். களம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

அன்றிலிருந்து அவருக்கும் நான் சின்னய்யா ஆகிவிட்டேன். கெஞ்சிப் பார்த்தேன்.

"கூப்புடுறதுக்கு என்ன, வாயா வலிக்கப் போகுது?" என்றார். "தோழர்னு கூப்புட்டா ஒங்க வீட்டு நெல்லு தானாக் காஞ்சிருமா?"

அப்போது அவர் காலுக்குக் கீழே கிடந்தது எங்கள் வயல் நெல்தான். பிறகு எப்போது என்று நினைவில்லை, "தம்பி"க்குத் திரும்பி வந்தார். தோழர் மட்டும் மறுபடி வரவே இல்லை.

அவரிடம் குறைகள் இல்லாமல் இல்லை. மருமகளை ஒரு பாத்திரம் கழுவவிடமாட்டார். கழுவினால் மறுபடி தானே கழுவுவார், அந்தப் பெண் பார்க்கும்படி. நெருங்கிய சொந்தத்தில் ஒருவரிடம் "ஒம் புள்ளைக்குப் படிப்பு வராது, கடையில விடு" என்று சொல்லிப் பல வருஷம் பேச்சில்லாமல் இருந்தார். அந்தப் பையன் பிறகு நன்றாகப் படித்தான். "நான் அன்னைக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்" என்றாரே தவிர வருந்தவில்லை. மனதில் பட்டதை வாய்க்குள் வைத்துக்கொள்ள அவருக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. மழை பெய்தால் அன்று களத்தில் வேலையில்லை, கூலியும் இல்லை. ஆனால் வானம் கறுத்தவுடன் ஓடி ஓடி நெல்லை அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவது அதே பெண்கள்தான். அதற்குக் கூலி கேட்பது என்று சங்கம் முடிவு செய்தது. கோரிக்கைகளை எழுதும் பொறுப்பு என்னுடையது. முதல் பத்தியில் உலக நிலைமையை எழுதினேன். இரண்டாவதில் நாட்டு நிலைமை. அதன் பிறகு மழை.

வாசித்துக் காட்டியபோது அவர், "பொம்பளைக ஒதுங்க ஒரு எடம் வேணும்னு எழுதுங்க தம்பி. உமிமேட்டுக்குப் பின்னாடி போக வேண்டியிருக்கு. லாரிக்காரன் வந்தா எந்திரிச்சு எந்திரிச்சு நிக்கிறோம்" என்றார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அதை அப்படியே எழுதக் கூசியது. "பெண் தொழிலாளர்களுக்குப் போதிய சுகாதார வசதி" என்று எழுதினேன். அந்தத் தாளைப் படித்த ஆலை முதலாளி மறுநாளே கணக்குப்பிள்ளையை அனுப்பிப் பெரிய பாட்டிலில் பினாயில் வாங்கி வைத்தார்.

அக்கா அந்தப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு முதலாளியின் அறைக்கே போனார். நானும் பின்னால் போனேன்.

"மொதலாளி, இதை வச்சு நாங்க என்ன செய்ய? கக்கூஸ் கட்டுங்க" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் வேலைநிறுத்தம் தொடங்கியது. வெளியூரிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. அதன் முன்னால் பெண்கள் உட்கார்ந்தார்கள், நடுவில் அவர். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துப் பயமுறுத்தினார். அக்கா அசையவில்லை. "ஏத்துறதுன்னா ஏத்திட்டுப் போ. உறுமிக்கிட்டே நிக்காத, காது வலிக்குது" என்றார். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி ஓரமாகப் போய் நின்றுகொண்டார். போலீஸ் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனது. வேனில் நான் புரட்சிப் பாட்டு ஒன்றை எடுத்தேன். இரண்டாவது அடி யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். பெண்கள் ஒரு சினிமாப் பாட்டை ஆரம்பித்தார்கள். அது ஸ்டேஷன் வரை வந்தது.

வெற்றி எங்களுக்கு. மழை நாளுக்கு அரைக்கூலி. உமிமேட்டுக்குத் தள்ளி, செங்கல் வைத்துக் கட்டிய இரண்டு கழிப்பறைகள். முதலாளியிடம் அரைக்கூலிக்குக் கையெழுத்து வாங்க நான் பேசிய நேரத்தில் அக்கா கழிப்பறைக்கு எங்கே குழி தோண்ட வேண்டும் என்று காட்டிவிட்டு வந்திருந்தார்.

வெற்றிக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தோம். மாவட்டத்திலிருந்து கட்சித் தலைவர் வந்தார். பெரிய வக்கீல்; பேச எழுந்தால் உட்கார வைப்பது கடினம். மேடையில் அவருக்குப் பக்கத்தில் அக்கா. அன்றைக்காகத் தலைக்குக் குளித்து, அரக்குப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, உள்ளதையெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கல்யாணப் பெண்ணே தோற்றுப்போவாள், அவ்வளவு களை.

வக்கீல் பேச்சு உச்சத்துக்குப் போனது. எழுதிக்கொண்டு வந்ததை அவர் மாற்றுகிற வழக்கம் இல்லை. கையை அக்கா பக்கம் நீட்டி, "எலும்பும் தோலுமாய், கிழிந்த கந்தலோடு, நசுக்கப்பட்டு, நாதியற்று நிற்கிறாளே இந்த ஏழைத்தாய், இவளைப் பாருங்கள்!" என்றார்.

கூட்டம் பார்த்தது. பார்த்துவிட்டுச் சிரித்தது. அக்கா முதலில் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். தன்னைத்தான் சொல்கிறார் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. அந்த முகத்தை லாரிக்கு முன்னால்கூட நான் பார்த்ததில்லை.

கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"நான் என்னத்தத் தம்பி நசுங்கிப் போனேன்?" என்றார். "எஞ் சம்பந்தகாரவுக முன் வரிசையில உக்காந்திருந்தாக. நாதியத்தவன்னுட்டாரே. வேலைநிறுத்தம் பண்ணி செயிச்சவளைக் கூட்டியாந்து பிச்சைக்காரியாக்கிட்டுப் போறாக."

"அது ஒரு உருவகம் அக்கா. உங்களைச் சொல்லவில்லை, வர்க்கத்தைச் சொன்னார்" என்றேன்.

"அப்ப வர்க்கத்தைக் கைகாட்ட வேண்டியதுதானே?" என்றார்.

அடுத்து ஊராட்சித் தேர்தல் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவர் மாடிப்படி ஏறி அலுவலகத்துக்கு வந்தார். களத்திலிருந்து நேராக வந்திருந்தார், முடியெல்லாம் தூசி.

"எங்க வார்டுக்கு நான் நிக்கிறேன் தம்பி. ஒங்க கட்சியிலயே நிக்கிறேன். கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

எங்கள் கட்சியிலேயே! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கமிட்டியைக் கூட்டினேன். வக்கீல், ஒரு கல்லூரி ஆசிரியர், ஒரு மருந்துக்கடைக்காரர், நான். உழைக்கும் மக்களின் அந்தக் கமிட்டியில் யாருக்காவது வியர்த்தது என்றால் அன்று மின்சாரம் போயிருக்க வேண்டும். நான் அவர் பெயரைச் சொன்னேன். ஆசிரியர், "கையெழுத்து மட்டும்தானே போடுவார்?" என்றார். மருந்துக்கடைக்காரர், "போன தேர்தலில் அங்கே போட்டதாக அவரே சொல்லியிருக்கிறாரே" என்றார். வக்கீல், "நல்ல போராளி. ஆனால் அரசியல் தெளிவு வரவேண்டும். ஆறு மாதம் வகுப்பு எடுக்கலாம்" என்றார். பிறகு மூன்று பேரும், நீயே நில் என்பது போல என்னைப் பார்த்தார்கள். நான் மறுத்தேன். இரண்டாவது தடவை மறுக்க எனக்கு அவகாசம் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அவரிடம் போய்ச் சொன்னேன். இன்றைய காலகட்டத்தில் இயக்கத்தின் தேவைகளையும் அமைப்பின் முதிர்ச்சியையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் என்று ஆரம்பித்து, பாதியில் வாக்கியம் எங்கே போகிறது என்று எனக்கே தெரியாமல் நின்றேன்.

"வேண்டாம்கிறீக. அம்புட்டுத்தானே?" என்றார். "அதுக்கா இம்புட்டுச் சுத்துறீக. யாரு நிக்கிறாக?"

"நான்தான்."

அவர் கோபப்படவில்லை. என்னை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார். "நீங்க கொழாயடிக்கே வந்ததில்லையே தம்பி" என்றார்.

அதே தெருவில் ஒரு தையல்காரர் இருந்தார். மற்ற கட்சியின் கிளைச் செயலாளர். அவருக்கு உலக நிலைமை ஒன்றும் தெரியாது. தெருவில் யாருக்கு என்ன காய்ச்சல், எந்த வீட்டில் எப்போது விசேஷம் என்பது தெரியும். சாவு விழுந்தால் முதலில் வந்து பந்தல்காலைப் பிடிப்பவர் அவர். நாங்கள் வேண்டாம் என்றது தெரிந்ததும் அக்கா வீட்டுக்கு வந்து, "அக்கா, எங்க கட்சியில நில்லுங்க" என்றாராம். வகுப்பு எதுவும் எடுக்கவில்லை.

இதை எனக்குச் சொன்னதும் அக்காதான், வேறு யாருக்கும் தெரியும் முன்பே. "ஒங்களை எதுத்து நிக்கப் போறேன் தம்பி. வேற யாரும் சொல்லித் தெரியக்கூடாதுல்ல" என்றார்.

அந்தத் தேர்தல் மாதிரி ஒரு தேர்தலை நான் பார்த்ததில்லை. ஒரே தெருவில் எதிரெதிரே வருவோம். அவர் கூட்டத்தில் மைக்கும் மேளமும். என் கூட்டத்தில் ஆசிரியரும் மருந்துக்கடைக்காரரும். என்னைப் பார்த்தால் மைக்கை நிறுத்தச் சொல்லிவிட்டு, "தம்பி நல்ல புள்ளதேன். எனக்குப் போடுங்க" என்பார். ஒரு தடவை தையல்காரர் மைக்கில், "நிலக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நம்ம தெருவைப் பற்றி என்ன தெரியும்" என்று ஆரம்பித்தார். அக்கா மைக்கைப் பிடுங்கிவிட்டார். பிறகு அவரிடம் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது: "நீ சொன்னது மெய்தேன். அதைச் சொல்லி எனக்கு ஓட்டு வேண்டாம்."

அவர் வாய் என்னைக் காப்பாற்றிய ஒரே தடவை அது. அதுகூட, மெய்தான் என்று சொல்லிவிட்டுத்தான்.

ஓட்டுப் போடும் நாளில் நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் களத்துப் பெண்கள். வெயிலில் பேசிச் சிரித்துக்கொண்டு, ஒருத்தி பூவை இன்னொருத்தி சரிசெய்துகொண்டு, கல்யாணத்துக்கு வந்தது போல நின்றார்கள். நாங்கள் கூட்டம் போட்டபோது அவர்கள் இப்படி வந்ததில்லை. மறைப்புக்குள் போய்ச் சீட்டை விரித்தேன். என் சின்னமும் இருந்தது, அவர் சின்னமும் இருந்தது. தெருவுக்கு இருந்தது ஒரே குழாய்; இன்னொன்றுக்கு யார் போய்க் கேட்பார்கள் என்று யோசித்தேன். நான் கேட்டால் அது "போதிய குடிநீர் வசதி" ஆகிவிடும் என்பது எனக்கே தெரிந்திருந்தது. முத்திரையை அவர் சின்னத்தில் குத்தினேன். வேட்பாளரே எதிர்த்துப் போட்ட கட்சி வேறு இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

அவர் ஜெயித்தார். அந்த வாரச் சங்கக் கூட்டத்துக்குப் பூந்தி வாங்கிக்கொண்டு வந்து எல்லாருக்கும் கொடுத்தார். என்னிடம் வந்தபோது குறும்பாக, "மெய்யாச் சொல்லுங்க தம்பி. யாருக்குப் போட்டீக?" என்றார்.

கமிட்டி ஆட்களும் அங்கே இருந்தார்கள். எனக்கு என்னவோ அன்று பொய் வரவில்லை.

"உங்களுக்குத்தான் அக்கா."

கூடம் முழுவதும் சிரித்தது. மருந்துக்கடைக்காரர் என் முதுகில் தட்டினார். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. "தோத்தவுக எப்பிடிப் பேசுவாகன்னு எனக்குத் தெரியாதா? ஒங்களுக்குப் பொய் சொல்லவே வரல தம்பி" என்றார். என் அரசியல் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரு முழு உண்மையை யாரும் நம்பவில்லை, அவர் உட்பட.

இரண்டாவது குழாய் வந்தது. தெருவிளக்கு வந்தது. அவர் களத்து வேலையையும் விடவில்லை, சங்கத்தையும் விடவில்லை. எழுபதுகள் கொஞ்சம் நகர்ந்ததும் ஆலை முதலாளி அக்காவின் கட்சியில் சேர்ந்தார். தோளில் புதுத்துண்டு. அவருக்கு ஊராட்சித் தலைவராக ஆசை. அதற்கு முதலில் ஒரு வார்டு காலியாக வேண்டும். அக்காவை ராஜினாமா செய்யச் சொல்லி மாவட்டத்திலிருந்தே ஆள் வந்தது. "மாட்டேன். மழைக்கூலி தரமாட்டேன்னவுக கையில ஊரைக் குடுக்கவா?" என்று வந்தவர் முகத்துக்கு நேரே சொன்னார். கட்சியிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள். தையல்காரர் தெருவின் அந்தப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். ராஜினாமா மட்டும் அக்கா செய்யவில்லை.

கமிட்டி அவசரமாகக் கூடியது. இதுதான் தருணம் என்றார் வக்கீல். மல்லிகையும் மரிக்கொழுந்தும் வைத்துக் கட்டிய கனமான மாலை ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக் கொடுத்து என்னை அனுப்பினார்கள்.

நடுப்பகல். பெண்கள் சாப்பிட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இப்பவாவது எங்க கட்சிக்கு வந்துருங்க அக்கா. முறையா மேடை போட்டு வரவேற்கிறோம்."

"வக்கீலய்யா பேசுவாகளா?"

"பேசாமல் பார்த்துக்கொள்கிறேன்."

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. காலில் ஒட்டியிருந்த நெல்மணிகளைத் தட்டிவிட்டுக்கொண்டே, "அவுக செஞ்சது துரோகந்தேன். எனக்கு ராத்திரி தூக்கம் வரல" என்றார். "ஆனா தம்பி, அவுக என்னை ஏத்திவிட்டுத்தான் எறங்கச் சொன்னாக. நீங்க ஏத்தவே இல்லையே."

நான் வாயைத் திறந்தேன். காலகட்டம் என்கிற சொல்தான் வந்து நின்றது.

"பையில என்ன, பூவா? வாசம் வருது" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். அவர் மாலையைப் பார்த்தார், மதிப்புப் போடுகிறவர் மாதிரி. "நல்ல பூவு. வாடுறதுக்குள்ள வைக்கணும்" என்று சொல்லி, அதை முழம் முழமாக அறுத்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். கடைசித் துண்டைத் தான் வைத்துக்கொண்டார். மணி அடித்தது. எல்லாரும் எழுந்து, தலையில் எங்கள் கட்சியின் மல்லிகையோடு, வெயிலுக்குள் நடந்து போனார்கள்.

நான் காலிப் பையோடு மாடிக்குத் திரும்பினேன். கமிட்டி காத்திருந்தது. மாவட்டத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். எழுதினேன்: "நமது மாலையைப் பெண் தொழிலாளர்கள் பெருந்திரளாக ஏற்றுக்கொண்டனர்." வக்கீல் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இது நல்ல முன்னேற்றம் என்றார்.